பாலைமரத்தடியில் விழுந்த பஸ்

பொய் சொல்கிறாய் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னால் திருப்பி நாலு கேட்கலாம். முன்பின் கண்டிராத ஒரு ஒல்லாந்துக்காரன் கொம்பியூட்டர் திரையில், அதுவும் மரியாதையான இங்கிலீசில் எழுதிவைத்தால் ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? சுகிர்தன் அதை அச்செடுத்து, நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வவுனியாவில் கிளிநொச்சி பஸ் ஏறினான். ஓமந்தையில் ஆமிக்காரருக்குப் பையைத் திறந்து காட்டியபோதும், இரு தரப்புக்கும் நடுவில் கிடந்த சூனியப் பிரதேசம் தாண்டி இயக்கத்தின் சாவடியில் மறுபடி திறந்து காட்டியபோதும் அவனுக்கு அந்தக் கடதாசியிலேயே நினைப்பு.

அதில் இருந்தது இவ்வளவுதான். மாத முடிவுக்குள் பிழையைத் திருத்தாவிட்டால் உங்கள் வரைபடத்தை எங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுவோம். பத்துப் பேர் நாற்பது மணித்தியாலம் ஓட்டியும் ஒருவர் கண்ணிலும் இந்தப் பிழை படவில்லை என்கிறீர்கள். அதை நம்ப முடியவில்லை. சோதித்ததாகப் பொய் சொல்பவர்களின் வேலையை நாங்கள் வைத்திருப்பதில்லை.

பத்துப் பேர் ஓட்டியது சத்தியமான உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அது 2004ஆம் ஆண்டு. சுகிர்தனுக்கு இருபத்தாறு வயது, ஊர் துணுக்காய், வேலை கிளிநொச்சியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பிப்பது. ஆறு கொம்பியூட்டர், ஒரு ஜெனரேற்றர், சூடு பிடித்தால் தானாக நின்றுவிடுகிற ஒரு பிரின்ரர். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த புதிதில் யாரோ கொழும்பிலிருந்து ஒரு விளையாட்டுச் சீடி கொண்டுவந்து போட்டார்கள். பஸ் ஓட்டுகிற விளையாட்டு. பனி கொட்டுகிற மலைகளுக்கு நடுவே, வாயில் நுழையாத பெயர்கொண்ட ஊர்களுக்குச் சனத்தை ஏற்றி இறக்கவேண்டும். அந்தச் சீடிக்குள்ளேயே புது வீதிகளைச் செய்து சேர்க்கிற கருவி ஒன்றும் கிடந்தது. மற்றவர்கள் பனிக்குள் பஸ் ஓட்டிக்கொண்டிருக்க, சுகிர்தனுக்கு அந்தக் கருவியில் பைத்தியம் பிடித்தது.

இரண்டு வருசம் மினக்கெட்டு அவன் செய்தது ஏ-ஒன்பது வீதி, ஊர்ச்சனத்துக்குக் கண்டி றோட்டு. ஓமந்தையில் தொடங்கிப் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. தூரத்தை மூன்றில் ஒன்றாகக் குறுக்கியிருந்தான், மற்றபடி வளைவுக்கு வளைவு அதே வீதி. மாங்குளத்துக்கு இங்கால் இடது பக்கம் தனியாக நிற்கிற பெரிய பாலைமரத்தைச் செய்ய மட்டும் மூன்று கிழமை. வெளியில் இருக்கிறவனுக்கு கிளிநொச்சி என்றால் செய்தியில் வருகிற பெயர். அங்கே ஒரு வடிவான வீதி இருக்கிறது, அதில் பஸ் ஓடுகிறது, முறிகண்டியில் கச்சான் கடலை விற்கிறது என்பதை எவனாவது ஒருவன் பார்க்கவேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான்.

பார்த்தார்கள். உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்கள் கூடுகிற அந்தத் தளத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதை இறக்கியிருந்தார்கள். பாரிசிலிருந்து ஒருவர், தன் மாமாவின் கடை இருந்த இடத்தால் பஸ்ஸை மூன்று தரம் ஓட்டினேன் என்று எழுதியிருந்தார். அந்த வரியை சுகிர்தன் அச்செடுத்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தான்.

ஆனால் ஒன்றைச் செய்து சனத்துக்குக் கொடுத்தவனுக்கு நிம்மதி கிடையாது. வகுப்பில் ஒரு கொப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, குறை இருந்தால் எழுதுங்கோ என்று சொன்னது அவன் தலையில் அவனே போட்ட மண். உடையார்கட்டிலிருந்து ஒருவர், கொப்பி பண்ணிக்கொண்டு போனேன், திறக்குதில்லை, சாமான் சரியில்லை என்று எழுதினார். பார்த்தால் திரையில் இருந்த சின்னப் படத்தை மட்டும் பிளொப்பியில் இழுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். விளையாட்டு முழுக்க இங்கே கிடக்கிறது, அவர் கொண்டுபோனது அதன் கதவுமணியை. விளங்கப்படுத்தி அனுப்பினால் அடுத்த கிழமை அவருடைய மச்சான் வந்து அதையே செய்தார். போட்டோக்கொப்பிக் கடை நடராசா, மற்றவனின் கடைக்குப் பெயர்ப்பலகை போட்டாய், என்னுடையதற்கு ஏன் போடவில்லை என்று ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதே வகுப்பில் தட்டெழுத்துப் படிப்பிக்கிற கமலாட்சி, உங்கட பஸ் ஓடத் தொடங்கினாலே ஜெனரேற்றர் இழுக்குது மாஸ்டர் என்று நாள்தோறும் ஒரு தரமாவது சொல்லாமல் விடமாட்டாள்.

எல்லாரையும்விடப் பெரிய கரைச்சல் யோகநாதன். வவுனியா கிளிநொச்சி மினிபஸ் ஓட்டுகிற அசல் சாரதி, ஐம்பதைத் தாண்டினவர். ஓய்வு நாளில் வந்து கொம்பியூட்டரில் அதே வீதியில் அதே பஸ்ஸை ஓட்டுவார், ஓட்டிவிட்டுக் குறை எழுதுவார். ஹோர்ன் சத்தம் பிழை. கொக்காவிலில் றோட்டுப் பள்ளம் கிடங்குகளைக் காணவில்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்கு நிப்பாட்டாமல் போகிற பஸ்ஸை அடுத்த மைல்கட்டைக்குள் மறியல் பண்ணவேணும். இந்தக் கடைசி யோசனை சுகிர்தனுக்குப் பிடித்துப்போய், கோயிலடியில் நிற்காமல் போனால் இஞ்சின் தானாக நின்றுவிடுகிற மாதிரிச் செய்துவிட்டான். பதினேழாவது குறையாக யோகநாதன் எழுதியிருந்தது: றோட்டுக்கரைப் பலகையள் எங்கை? அதற்கு நேரே சுகிர்தன் சிவப்புப் பேனையால் தேவையில்லை என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தான். வடிவான வீதியைக் காட்டத்தான் அவன் இவ்வளவு பாடுபட்டது. மிதிவெடிப் பலகையைக் காட்டவா?

இணையம் பார்ப்பதற்கு சுகிர்தன் இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை வவுனியா போவான். அங்கே றிஸ்வி என்பவருடைய இன்ரர்நெற் கடை. கல்லாவில் இருப்பது றிஸ்வியின் தங்கை நஸ்மியா. அங்கேதான் வெளிநாட்டுக் குறைகள் வந்து குவியும். சிறிய கோயில் ஒன்றுக்குப் பக்கத்தில் பஸ் காரணமில்லாமல் நின்றுவிடுகிறது என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். அது பிழையல்ல, வழக்கம் என்று ஏழு பேருக்கும் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பதில் எழுதினான். அதில் நாலு பேர் சிரித்தார்கள், இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். ஏழாவது ஆள் டீசல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஜேர்மன்காரன். அவன் கோயிலை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது ஊருக்கு அங்கால், இடது பக்கம் பெரிய மரத்தடியில் என்னுடைய பஸ் விழுகிறது என்றான். பூமிக்குள் விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. சுற்றிவர நீல நிறம்.

சுகிர்தன் அந்த மரத்தடியால் முப்பது தரம் ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. தயவுசெய்து வீதியில் ஓட்டவும் என்று பதில் போட்டான். அடுத்த தரம் போனபோது டீசலின் பதில் காத்திருந்தது. வீதியில்தான் ஓட்டுகிறேன், பிறகு வீதியை விட்டு இறங்குகிறேன், எல்லாரும் செய்வதுபோல.

விசர்க்கதை என்று சுகிர்தனுக்குப் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று யோகநாதன், நடராசா, கமலாட்சி, வகுப்பில் படிக்கிற ஏழு பேர் என்று பத்துப் பேரை இருத்தி, நேரம் குறித்து நாற்பது மணித்தியாலம் ஓட்டுவித்தான். எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும், எப்படி வேண்டுமானாலும் ஓட்டுங்கோ என்று சொல்லித்தான் இருத்தினான். ஒருவரும் விழவில்லை. அதைத்தான் தளத்தில் எழுதினான். அதற்குத்தான் அந்த ஒல்லாந்துக்கார மேற்பார்வையாளன் பொய் என்றது.

மடித்த கடதாசியோடு ஊர் திரும்பியவன் அடுத்த சனிக்கிழமையே, முறை மாறி, மறுபடி வவுனியா போனான். டீசலோடு இன்னுமொரு தரம் சண்டை பிடிக்கிற உத்தேசம். கடையில் லைன் கிடைக்கவில்லை. நஸ்மியா டெலிபோன் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, அரை மணித்தியாலம் செல்லும் என்றாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. முள்ளியவளையில் பிறந்து, எட்டு வயதில் எல்லா முஸ்லிம் சனத்தோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவள். வாப்பா மஹ்றூப் இப்போது முள்ளியவளையில் காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் வவுனியா வரைக்கும் வந்திருந்தார்கள். இத்தனை மாதமாக இந்த மாஸ்டர் மண்டையை உடைக்கிற பஸ்ஸைத் தானும் ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். அவன் சீடியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

மோசமான சாரதி. புளியங்குளத்தில் தாரோடு ஒட்டி நின்ற ஒரு கடைக்குள் மோதினாள். கனகராயன்குளத்தில் ஏறவேண்டியவர்களை விட்டுவிட்டுப் போனாள். மாங்குளம் நெருங்க, பாலைமரம் தூரத்தில் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"நல்ல நிழல். பஸ்ஸக் கொஞ்சம் அதுக்குள்ள விடுவம், சனம் பாவம்," என்று சொல்லிக்கொண்டு இடது பக்கம் திருப்பினாள்.

சுகிர்தன் என்ன செய்தான் என்பது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. "இறக்காதேங்கோ!" என்று கத்திக்கொண்டு அவளுடைய கைக்கு மேலால் பாய்ந்து விசைப்பலகையைப் பிடித்து இழுத்துவிட்டான். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிந்திவிட்டது. பஸ்ஸின் முன்சில்லு தாரை விட்டு இறங்கியது, புல்லைத் துளைத்துக்கொண்டு பஸ் முழுக்கக் கீழே போனது, திரை நீலமானது. பஸ் விழுந்துகொண்டே இருந்தது.

நஸ்மியா பயந்துபோய்க் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் என்ன பிழை செஞ்ச? நிழல்ல விட ஏலாதா?"

திரைக்குள்ளே ஓடுகிற ஒரு பொம்மை பஸ், அது வீதியை விட்டு இறங்கப் போகிறதென்றதும் அவனுக்கு உயிர் போய் வந்திருந்தது. பிழை எங்கே என்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வீதிக்கு இரு கரையிலும் அவன் புல்லும் பற்றையும் வரைந்திருந்தான். வெறும் படம். இதன்மேல் பாரம் ஏறலாம் என்று கட்டத்துக்குக் கட்டம் கருவியில் ஒரு குறி போடவேண்டும், தாருக்குப் போட்ட அந்தக் குறியை அவன் புல்லுக்குப் போடவே இல்லை. மறந்ததல்ல. புல்லில் எவனாவது இறங்குவான் என்று அவன் மூளைக்கு ஒருநாளும் படவில்லை. பத்துப் பேருக்கும் படவில்லை. எப்படி வேண்டுமானாலும் ஓட்டச் சொன்ன நாற்பது மணித்தியாலமும் அவர்கள் தாரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். அவனுடைய வீதியில் ஒரு மிதிவெடிப் பலகைகூட இல்லை. இருந்தும் தாரிலேயே ஓட்டியிருக்கிறார்கள்.

நஸ்மியாவிடம் மன்னிப்புக் கேட்டான். கண்டி றோட்டில் தார் விட்டு இறங்கிப் பழக்கமில்லை, அதுதான் கை தானாய் வந்தது என்றான். அவள், வாப்பா முள்ளியவளையில் காணி துப்புரவாக்குகிறார் என்று முதலும் சொன்னதை மறுபடி சொன்னாள், இந்த முறை வேறு குரலில். துப்புரவாக்க முதல் மிதிவெடி எடுக்கிறவர்கள் பார்த்துவிட்டார்களா என்று சுகிர்தன் கேட்டான். பார்த்தவங்களாம், என்றாள். உடனே எழும்பிப்போய் முள்ளியவளைக்கு டெலிபோன் எடுக்க வழி பார்க்கத் தொடங்கினாள்.

அன்று திரும்பி வரும்போது நடந்ததைக் கதைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அந்த வீதியில் ரயர் வெடிக்காத நாள் எது? பாலைமரத்துக்கு நூறு யார் தூரம் இங்கால் பஸ்ஸின் பின் ரயர் வெடித்தது. ரயர் மாற்ற எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். மதியம் ஒரு மணி. நாற்பது பேரும் இறங்கித் தாரில் நின்றார்கள். பிள்ளையைத் தூக்கிவைத்திருந்த ஒரு தாய் சேலைத் தலைப்பை அதன் தலையில் போட்டாள். ஒன்றுக்குப் போகவேண்டியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் போய்த் தாரில் நின்றபடியே போனார்கள். நடக்க முடிந்தவர்கள் சிலர் மரத்துக்கு நேரே வரைக்கும் போய் வீதியோரத்தில் நின்றார்கள். பாலைமரத்தின் நிழல் பதினைந்து அடி தள்ளி, ஒரு கலியாணத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி அகலமாய் விழுந்து கிடந்தது. அதற்குள் ஒரு குருவிகூட இல்லை. முன்னால் சிவப்புப் பலகை, மண்டையோடு, எலும்பு. ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை, அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை. வெய்யில் எறிக்குது என்றுதான் கதைத்தார்கள்.

இரண்டு வருசமாக இந்த வீதியை அச்சொட்டாகச் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன் சுகிர்தன். அங்கே நின்றபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மூவாயிரத்து இருநூறு கட்டம். வகுப்பு முடிந்து ஜெனரேற்றர் ஓடுகிற ஒவ்வொரு பின்னேரமும் அவன் குந்தியிருந்து குறி போட்டான். கண் வீங்கினதைப் பார்த்துக் கமலாட்சி ஜெனரேற்றரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்துக் கொம்பியூட்டரில் இருந்து புளியங்குளம் வரைக்கும் தானே குறி போட்டுக் கொடுத்தாள். பத்தாம் நாள் எல்லாம் முடிந்தது. சோதிக்கவேண்டும். யோகநாதனைக் கூப்பிட்டு, அண்ணை, பாலைமரத்தடியில் பஸ்ஸை இறக்கிப் பாருங்கோ, நிலம் தாங்கும் என்றான்.

யோகநாதன் ஓட்டினார். மரத்துக்கு நேரே கொண்டுவந்து, தார் விளிம்பில் சில்லு தொடுகிற மாதிரி நிப்பாட்டினார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

"தம்பி, நீர் மண் போட்டிருக்கிறீர், எனக்குத் தெரியும். ஆனா கை கேக்குதில்லை."

இரண்டு தரம் தானும் முயன்று, சில்லு விளிம்புக்கு வந்ததும் விரல் வேறு எங்கேயோ போனதை சுகிர்தன் அவரிடம் எப்படிச் சொல்வான்?

யோகநாதன் கதிரையைத் திருப்பிக்கொண்டு கயிற்றில் தொங்கிய கொப்பியை எட்டி எடுத்தார். பக்கம் புரட்டிப் பதினேழாவது குறையைக் காட்டினார்.

"நான் அப்பவே எழுதினனான். பலகை இல்லாத கண்டி றோட்டை ஆர் நம்புவான்?"

மிச்சமிருந்த இரண்டு நாளில் முதல் நாள் சுகிர்தன் பலகைகளைச் செய்தான். மூன்று கிழமை செய்த மரத்துக்கு முன்னால் அரை மணித்தியாலத்தில் ஒரு சிவப்புப் பலகை நின்றது. யோகநாதன் பக்கத்தில் இருந்து எந்த வளைவில் எத்தனை, எங்கே சாய்ந்து நிற்கிறது, எங்கே மாடு இடித்து விழுந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வீதி அசிங்கமாக வந்தது. ஆனால் அவனுக்கு அது முதல் தரமாகக் கண்டி றோட்டு மாதிரி இருந்தது.

அடுத்த நாள் வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு வவுனியா போனான். நஸ்மியா லைன் எடுத்துக் கொடுத்தாள். கோப்பு ஏற முக்கால் மணித்தியாலம் சென்றது. கீழே எழுதவேண்டிய பதிலை அவன் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தான். பெரிய விளக்கம் ஒன்றுமில்லை. மரத்தடியில் இப்போது நிலம் இருக்கிறது. என் பத்துப் பேரில் ஒருவராலும் அதில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஏன் என்று வீதிக்கரையில் எழுதியிருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் போனபோது வரைபடம் தளத்தில் இருந்தது. எடுக்கவில்லை. மேற்பார்வையாளன் ஒரேயொரு வரி போட்டிருந்தான்: சோதிக்கப்படவில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குக் கீழே டீசல் எழுதியிருந்தான். சுகிர்தன் அதை அச்செடுத்துக்கொண்டுபோய்க் கிளிநொச்சி பஸ் நிலையத்தில், மினிபஸ்ஸுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த யோகநாதனுக்குத் தமிழில் சொல்லி வாசித்தான்.

மரத்தடிக்குப் போனேன். பலகையைப் பார்த்தேன். இது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இஞ்சினை நிப்பாட்டிவிட்டு வீதியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ்ஸை எடுத்துக்கொண்டு கடைசி ஊர் வரைக்கும் போனேன். ஆகவே அங்கே நிலம் இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னால் சரி.

யோகநாதன் சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டுக் கடதாசியை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப முறிகண்டியில நிப்பாட்டினவனோ?"

"ஓம் அண்ணை. கடைசி ஊர் வரைக்கும் போயிருக்கிறானே, நிப்பாட்டாமல் எப்பிடிப் போறது?"

"அப்ப சரி," என்று யோகநாதன் கடதாசியை மடித்துக் கொடுத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, கொக்காவில் கிடங்குகளை எப்போது போடுவதாக உத்தேசம் என்று கேட்டார்.